‘வீட்டுக்கு மட்டும் சொல்லிடாதீங்க டீச்சர்!’

கேள்வி:

டாக்டர், திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். பத்தாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையும் நான்தான். என் வகுப்பில் 42 பிள்ளைகள்.

சென்ற மாதம் வளரிளம் பருவத்தினரின் மனநலம் பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். காலையில் ஒரு பி.பி.டி., மதியம் ஒரு பி.பி.டி., கடைசியில் குரூப் போட்டோ. அதுவரை ‘சேட்டை’, ‘சோம்பேறி’, ‘திமிர்’ என்று நான் கடந்துபோன பிள்ளைகள் எல்லாம் இப்போது நோயாளிகளாகத் தெரிகிறார்கள். என் கண்ணில் கோளாறா, பிள்ளைகளிடம் கோளாறா என்று புரியவில்லை.

பத்து நாள் முன்பு, லேபில் சோதனைக் குழாய் கழுவ ஒரு மாணவி யூனிஃபார்ம் கையை மடித்துவிட்டாள். முன்கை முழுக்க வரிவரியாகக் கீறல்கள். கேட்டதற்கு, “பூனை பிராண்டிருச்சு டீச்சர்” என்றாள். சாயங்காலம் அவளே தனியாக வந்து அழுதாள். “நானேதான் பண்ணிக்கிட்டேன். வீட்டுக்கு மட்டும் சொல்லிடாதீங்க டீச்சர், அம்மா செத்துரும்” என்றாள். சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டேன். இன்னொரு பையன் கடைசி பெஞ்சில், முதல் இரண்டு பீரியடும் தலை கவிழ்ந்து தூங்குகிறான். முன்பெல்லாம் எழுப்பி நிற்க வைப்பேன். இப்போது அவனைத் தொடவே பயமாக இருக்கிறது.

எச்.எம்.மிடம் பேசினேன். “இதெல்லாம் கவுன்சிலர் பார்க்க வேண்டிய வேலை. ரிசல்ட் குறைஞ்சா சி.இ.ஓ. ஆபீஸ்ல நிக்கப்போறது நீங்களும் நானும்தான்” என்றார். எங்கள் பள்ளியில் கவுன்சிலர் கிடையாது. இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொள்கிறேன். செல்போன் அடித்தாலே அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் ஏதோ செய்தி என்று நெஞ்சு படபடக்கிறது. சத்தியத்தை மீறலாமா? ஒரு நாள் பயிற்சியை வைத்துக்கொண்டு நான் இதில் இறங்கலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்:

அன்புள்ள டீச்சர்,

அந்த மாணவியைப் பற்றிய பதிலை உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தனியாக அனுப்பிவிட்டேன். அது பத்திரிகை வரும்வரை காத்திருக்கும் விஷயமில்லை. இதே நிலையில் தவிக்கும் மற்ற ஆசிரியர்களுக்காக, உங்கள் சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றி இங்கே மறுபடி எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெண். கையைக் கீறிக்கொள்ளும் பிள்ளைகளில் பலர் அந்த நேரத்தில் சாக நினைத்து அதைச் செய்வதில்லை. தாங்க முடியாத ஒரு வேதனையைக் கொஞ்ச நேரமாவது மட்டுப்படுத்தத்தான் செய்கிறார்கள். சற்று நேரத்தில் அந்த நிம்மதி போய், வெட்கமும் குற்ற உணர்வும் வந்துவிடும். பூனைக் கதை அந்த வெட்கத்திலிருந்து பிறந்தது. ஸ்டாஃப் ரூமில் இதற்கு உடனே ‘லவ் ஃபெயிலியர்’ என்றோ ‘சீன் போடறா’ என்றோ பெயர் வைத்துவிடுவார்கள். இரண்டையும் காதில் வாங்காதீர்கள். இப்படிக் கீறிக்கொள்ளும் பிள்ளைகள் பின்னாளில் தற்கொலைக்கு முயலும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இது பதற வேண்டிய விஷயம் இல்லைதான். ஆனால் தள்ளிப்போடும் விஷயமும் இல்லை.

நேரடியாகக் கேளுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். “செத்துடலாம்னு எப்பவாவது தோணுச்சா?” என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள். அப்படி நேர்வதில்லை என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த ஒன்று. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கும் பிள்ளைக்கு அந்தக் கேள்வியே ஓர் ஆறுதல். ‘ஆமாம்’ என்றால் அடுத்த கேள்வி: “இப்பவும் தோணுதா? எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கியா?” அதற்கும் ‘ஆமாம்’ என்றால் அவளை ஒரு நிமிடம்கூடத் தனியே விடக்கூடாது. பெரியவர் ஒருவர் கூடவே இருக்க, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தற்கொலை எண்ணம் என்று சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம் இன்னும் ஊரில் இருக்கிறது. எண்ணம் எந்நாளும் குற்றமாக இருந்ததில்லை. முயன்றவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு சொல்கிறது.

இனி அந்தச் சத்தியம். அதைக் காப்பாற்ற வேண்டியதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியாமல் மீறவும் கூடாது. அவளிடமே போய்ச் சொல்லுங்கள்: “அன்னிக்கு யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சொன்னேன். உன் உயிர் சம்பந்தப்பட்டதை நான் ஒருத்தியா வெச்சுக்க முடியாதும்மா. யார்கிட்ட சொல்லலாம், எப்படிச் சொல்லலாம்னு நீயும் நானும் சேர்ந்து முடிவு பண்ணுவோம்.” அழுவாள், கோபப்படுவாள், நாலு நாள் உங்களிடம் பேசாமலும் இருப்பாள். பரவாயில்லை. அவளுக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை. பெற்றோரோ பாதுகாவலரோ அறியாமல் சிகிச்சை நடக்காது.

வீட்டுக்குப் போன் செய்யும் முன் ஒரு விஷயத்தை அவசியம் கேட்டுவிடுங்கள். “வீட்ல யாரைப் பார்த்தாவது பயமா இருக்கா? யாராவது உன்கிட்ட தப்பா நடந்துக்கிட்டாங்களா?” வீட்டுக்குச் சொல்லாதே என்று கெஞ்சும் பிள்ளைகளில் பலருக்கு அம்மா அழுவாளே என்ற கவலைதான். சிலருக்குக் காரணமே வீட்டுக்குள் இருக்கும். பாலியல் துன்புறுத்தல் என்று தெரிந்தால் வீட்டாரை அழைத்துப் பேசி முடித்துவைக்கும் உரிமை உங்களுக்கும் இல்லை, எச்.எம்.முக்கும் இல்லை. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிந்தும் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை; நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1098க்கு அழையுங்கள். குழந்தைகள் உதவி எண் அது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

அப்படி ஒன்றும் இல்லை என்றால், அவளே சொல்லும் ஆளை வரவழையுங்கள். அம்மா, சித்தி, ஆச்சி, யாராகவும் இருக்கட்டும். பெற்றோர் கூட்டத்தன்று வேண்டாம். எச்.எம். அறையில் ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்தும் வேண்டாம். வந்தவரிடம் “உங்க பொண்ணு கையைக் கீறிக்கிறா” என்று ஆரம்பித்தால் அந்தத் தாய் அங்கேயே பிள்ளையை அறைந்துவிடுவார். இப்படி ஓர் அறை விழுந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். “பிள்ளை மனசுல ஏதோ பெரிய கஷ்டம் இருக்கு. என்கிட்ட வந்து சொன்னா. திட்டாம, அடிக்காம நாம ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவோம்” என்று ஆரம்பியுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனையிலேயே மனநல மருத்துவர் இருக்கிறார். ஓ.பி. சீட்டு போட்டுப் போகலாம், செலவில்லை. முதல் தடவை நீங்களோ இன்னோர் ஆசிரியையோ கூடப் போனால் நல்லது. மனநலப் பிரிவு என்ற பலகையைப் பார்த்ததும் வாசலிலேயே திரும்பிப்போகும் பெற்றோரை அப்போதுதான் உள்ளே அழைத்துப்போக முடியும்.

வகுப்பில் இரண்டைச் செய்யவே செய்யாதீர்கள். “எல்லாரும் கையைக் காட்டுங்க” என்று சோதனை போடாதீர்கள். கையைக் கீறுவது தவறு என்று பொதுவாக ஒரு சொற்பொழிவும் வேண்டாம். இந்த வயதில் இது தோழிக்குத் தோழி தொற்றும். பேசப் பேசப் பரவும், அவமானப்படுத்தினால் முழங்கைக்கு மேலே மறைந்துகொள்ளும்.

கண்ணில் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கண் சரியாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் கூடுதலாகக் கூசுகிறது, அவ்வளவே. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. 42 பேர் உள்ள உங்கள் வகுப்புக்குக் கணக்குப் போட்டால் மூன்று பேர். மீதி 39 பேர் சேட்டைக்காரர்களாகவும் சோம்பேறிகளாகவும் இருக்க முழு உரிமை உள்ள சாதாரணப் பிள்ளைகள்.

அந்த மூன்று பேரை எப்படி அடையாளம் காண்பது? பயிற்சியில் அறிகுறிகளின் பட்டியல் ஒன்று கொடுத்திருப்பார்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு ஒன்றை மட்டும் பாருங்கள்: மாற்றம். எப்போதும் அமைதியாக இருக்கும் பெண் அமைதியாக இருந்தால் செய்தி இல்லை. வாயாடிப் பெண் மூன்று வாரமாக அமைதியாக இருந்தால் செய்தி. கபடி என்றால் சோற்றை மறக்கும் பையன் மைதானத்துக்கே போகவில்லை, அழகாக எழுதும் பிள்ளையின் நோட்டில் பாதிப் பக்கம் காலி, சேர்ந்தே சாப்பிடுகிறவள் இப்போது தனியாக டிபன் பாக்ஸைத் திறக்கிறாள் என்றால் கவனியுங்கள். இன்னொன்று, பெரியவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் சோகமாகத் தெரியும். வளரிளம் பருவத்தில் அது எரிச்சலாக, எதிர்த்துப் பேச்சாக, காரணம் தெரியாத வயிற்றுவலியாக, தலைவலியாக வரும். நம் ஊரில் ‘திமிர்’ என்று முத்திரை குத்தி டி.சி. வரைக்கும் போன பையன்களில் சிலர் மனச்சோர்வு உள்ளவர்கள் என்பது என் கணிப்பு.

பிரேயரில் மயங்கி விழும் பெண்பிள்ளைகளைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். உடனே மனநலம் என்று போகாதீர்கள். காலையில் சாப்பிட்டாளா என்று கேளுங்கள், ரத்தசோகைக்குப் பரிசோதனை செய்யுங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. பள்ளியில் வாராவாரம் தரும் இரும்புச்சத்து மாத்திரை எத்தனை பிள்ளைகளின் வயிற்றுக்குப் போகிறது, எத்தனை ஜன்னல் வழியே போகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

அந்தக் கடைசி பெஞ்ச் பையன் விஷயத்திலும் நோய்க்கு முன் தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். “நேத்து எப்ப படுத்த, எப்ப எந்திரிச்ச?” இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. உங்கள் பக்கத்தில் மல்லிகைப் பூ உண்டு. சீசன் நேரத்தில் விடியும் முன்பே குடும்பத்தோடு தோட்டத்தில் பூப்பறித்துவிட்டு, பூ மார்க்கெட்டுக்குப் போன பிறகு குளித்துப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இருப்பார்கள். முகூர்த்த நாள் இரவு கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறிவிட்டு வருகிறவனும் இருப்பான். நள்ளிரவு வரை செல்போன் பார்க்கிறவனும் இருப்பான். மூவருக்கும் தேவையானது வேறு வேறு. இரவு முழுக்கத் தூங்கியும் எழ முடியவில்லை, எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அப்போது மருத்துவரிடம் அனுப்புங்கள். தொடுவதற்குப் பயப்படாதீர்கள். அவனை எழுப்பலாம். எழுப்பி நிற்க வைத்து வகுப்பைச் சிரிக்க வைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

இப்போது உங்கள் பெரிய கேள்வி: ஒரு நாள் பயிற்சியோடு நீங்கள் இதில் இறங்கலாமா? கவனிப்பவராக, கேட்பவராக, உரிய ஆளிடம் ஒப்படைப்பவராக இறங்கலாம். கவுன்சிலராக இறங்காதீர்கள். இதை உங்கள் திறமையைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். பீகாரில் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில் ‘சேஹர்’ என்ற திட்டத்தை ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் சோதித்தார்கள். காலைக் கூட்டத்தில் பேச்சு, சுவர்ப் பத்திரிகை, மாணவர்கள் மனக்குறையை எழுதிப் போடும் பெட்டி, நண்பர் குழுக்கள், தேவைப்பட்டவர்களுக்குத் தனி ஆலோசனை. சில பள்ளிகளில் இதற்கென்றே பயிற்சி தந்து முழுநேரமாக அமர்த்தப்பட்ட உள்ளூர் ஆட்கள் நடத்தினார்கள். சில பள்ளிகளில் ஆசிரியர்களே நடத்தினார்கள். திட்டம் ஒன்றே. ஒரு கல்வியாண்டு முடிவில், தனி ஆள் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழலே மாறியிருந்தது. மனச்சோர்வு அறிகுறிகளும் சக மாணவர்களின் சீண்டலும் குறைந்திருந்தன. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் சொல்லும்படி எந்த மாற்றமும் இல்லை.

ஆசிரியர்கள் மோசமானவர்கள் என்று இதற்கு அர்த்தம் கொள்ளக்கூடாது. பாடம், பேப்பர் திருத்தம், எமிஸ் பதிவு, தேர்தல் வேலை எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றிய கூடுதல் சுமை எப்படி நடக்குமோ அப்படி நடந்தது. அதோடு, காலையில் மார்க் போட்டுத் திட்டிய அதே ஆளிடம் மதியம் வந்து மனம் திறக்க எந்தப் பிள்ளைக்கும் தயக்கமாகத்தான் இருக்கும். ஐரோப்பாவின் பத்து நாடுகளில் 168 பள்ளிகளில், 11,000க்கு மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2015இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. அங்கும் அறிகுறிகளைக் கண்டுபிடிக்க ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி தந்ததில் பெரிய பலன் இல்லை. மாணவர்களிடமே நேரடியாகப் பேசி, நடித்துக் காட்டவைத்து, மனக்கஷ்டம் வந்தால் என்ன செய்யலாம் என்று விவாதிக்கவைத்த பள்ளிகளில்தான் ஓராண்டில் தற்கொலை முயற்சிகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன.

ஆகவே ஆசிரியர்களைக் கூட்டி ஒரு நாள் பி.பி.டி. காட்டிவிட்டு, மாணவர் மனநலத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டோம் என்று அதிகாரிகள் கோப்பை மூடுவதை நான் ஏற்கவில்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் இல்லாவிட்டாலும் நாலைந்து பள்ளிக்கு ஒரு முழுநேர ஆலோசகர் வேண்டும். அவர் மார்க் போடாதவராக இருக்க வேண்டும். உங்கள் ஆசிரியர் சங்கம் அடுத்த முறை கோரிக்கைப் பட்டியல் தயாரிக்கும்போது அகவிலைப்படிக்குக் கீழேயாவது இதைச் சேர்க்கட்டும்.

உங்களால் மட்டுமே முடிந்த ஒன்றும் இருக்கிறது. ஆலோசகர் கிடைத்தாலும் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். வகுப்பின் காற்று முழுக்க உங்கள் கையில். விடைத்தாளை மார்க்கை உரக்கப் படித்துக் கொடுக்கிறீர்களா, மடித்துக் கொடுக்கிறீர்களா? மார்க்படி பெஞ்ச் மாற்றுகிறீர்களா? “உங்க அக்காவைப் பார்த்து நீ எங்க” என்ற வாக்கியம் உங்கள் வகுப்பில் கேட்கிறதா? 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு பிரம்பை மட்டும் தடைசெய்யவில்லை, மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடைசெய்கிறது. பிரம்பு பல பள்ளிகளில் போய்விட்டது. நாக்கு போகவில்லை. மாணவர்கள் தங்கள் குறையை எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டி உங்கள் பள்ளியிலும் இருக்கும். சாவி யாரிடம் இருக்கிறது, கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று விசாரியுங்கள்.

எச்.எம்.மை வில்லனாக்க வேண்டாம். அவர் சொன்னதில் பயம் தெரிகிறது, அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால் முதலில் சஸ்பெண்ட் ஆவது வகுப்பாசிரியரும் தலைமை ஆசிரியரும்தான். அதே பயத்தை உங்கள் பக்கம் திருப்புங்கள். என்ன பார்த்தீர்கள், என்றைக்கு யாரிடம் சொன்னீர்கள், எங்கே அனுப்பினீர்கள் என்று தேதியோடு எழுதி, உறையில் போட்டு அவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். இது இருவரையும் காப்பாற்றும் காகிதம். ஆசிரியர் வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் அந்தப் பெண்ணின் பெயர் வரவே கூடாது.

ரிசல்ட்டைப் பற்றி அவர் கேட்டால் இதைச் சொல்லலாம். 2022இல் நாடு முழுதும் 13,044 மாணவர்கள், பள்ளியும் கல்லூரியும் சேர்த்து, தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது. அந்த ஆண்டு மாநில வரிசையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம் இருந்தோம். ஆனால் வழிகாட்டியதும் இதே தமிழ்நாடுதான். பொதுத் தேர்வில் தோற்றவர்கள் ஓராண்டை இழக்காமல் உடனே துணைத் தேர்வு எழுதி மேலே படிக்கும் ஏற்பாடு இங்கே வந்தது. தற்கொலைத் தடுப்புக்கான சென்னை சிநேகா அமைப்பை 1986இல் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் போன்றவர்கள் அதற்காக வாதாடினார்கள். 2017இல் முதல் மூன்று இடம் என்று பெயர் அறிவிப்பதை அரசு நிறுத்தியது. விதியை மாற்றினால் உயிர் மிஞ்சும் என்று நம்பித்தான் இவற்றைச் செய்தார்கள். உங்கள் பள்ளி அளவில் ஒன்று செய்யலாம்: ரிசல்ட் வரும் காலையில் தோற்கக்கூடும் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு முதல் ஆளாக நீங்கள் போன் செய்து, துணைத் தேர்வுத் தேதியைச் சொல்லுங்கள். தேறியவர்களுக்கு வாழ்த்துச் சொல்ல மத்தியானம் நேரம் இருக்கிறது.

கடைசியாக உங்களைப் பற்றி. இரண்டு மணி விழிப்பும் போன் சத்தத்துக்குப் படபடப்பும் பத்து நாளாக இருப்பதாகத் தெரிகிறது. இந்தப் பாரத்தை ஒருவராகச் சுமந்தால் யாருக்கும் வருவதுதான். தாயிடமும் மருத்துவரிடமும் பொறுப்பு போய்ச் சேர்ந்ததும் பெரும்பாலும் தணியும். அதன் பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், பிள்ளைக்கு ஓ.பி. சீட்டு போட்ட அதே இடத்தில் உங்களுக்கும் ஒன்று போடுங்கள். இரவில் தூக்கம் வராதபோது 14416க்கு அழைக்கலாம். அரசின் டெலி மானஸ் சேவை அது. 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. அந்த எண்ணைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிப் போடுங்கள். பிள்ளைகளிடம் கொடுக்கும் முன் நீங்களே ஒருமுறை கூப்பிட்டுப் பேசிப் பாருங்கள். யார் எடுப்பார்கள், என்ன கேட்பார்கள் என்று தெரிந்த ஒருவர் சொன்னால்தான் பிள்ளைகள் நம்பிக் கூப்பிடுவார்கள்.